கேள்வி–பதில்: இன்னொரு பாடப்புத்தகம் வேண்டாம்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் 91 சதவீதம் எடுத்த என் மகளுக்கு பேங்கில் ஒரு ஸ்லிப் நிரப்பத் தெரியவில்லை, காஸ் சிலிண்டர் மாற்றத் தெரியவில்லை. இதையெல்லாம் பள்ளியில் தனிப் பாடமாக்கி, பரீட்சை வைத்து மார்க் போட்டால்தானே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் தனிப் பாடமும் மார்க்கும் வேண்டவே வேண்டாம். மார்க் என்று வந்துவிட்டால் கைடு வரும், பின்னாலேயே டியூஷன் வரும், சிலிண்டர் மாற்றும் முறையை ஐந்து வரியில் எழுதிப் பிள்ளை முழு மார்க் வாங்கிவிடும், வீட்டில் சிலிண்டரை மாற்ற அப்போதும் அப்பாதான் வர வேண்டியிருக்கும்.

இதை ஒருமுறை பார்த்தாயிற்று. 1977-ல் ஈஸ்வர்பாய் படேல் கமிட்டி சொல்லி எஸ்.யு.பி.டபிள்யூ. (சமூகத்துக்குப் பயன்படும் ஆக்க வேலை) என்று பள்ளியில் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? கைவேலை பழகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்ததுதான். பல வீடுகளில் என்ன நடந்தது? சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி அம்மா உட்கார்ந்து எம்ப்ராய்டரி போட்டுக் கொடுத்தாள், இல்லையென்றால் கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். 1937-ல் இதே மகாராஷ்டிரத்தில், வார்தாவில், காந்தி ஆதாரக் கல்வியைப் பேசியபோது கைத்தொழிலை மற்ற பாடங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பாடமாக வைக்கச் சொல்லவில்லை. கைத்தொழில் வழியாகவே கணக்கும் மற்றதும் வர வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

காஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் ஒரே வகுப்பில் சிலிண்டர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், பைப் காஸ் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே போகும். இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது, கசிவு தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாறும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அடர்த்தி பாடம் நடத்தும் அன்றைக்கே இதைச் சொல்லி, வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு ஜன்னலைத் திற, வெளியே வந்து, சிலிண்டர் என்றால் 1906 அவசர எண்ணுக்கும், பைப் காஸ் என்றால் அந்தக் கம்பெனியின் அவசர எண்ணுக்கும் போன் செய் என்று செய்துகாட்ட வைக்கலாம். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். பி-27 என்றிருந்தால் 2027 ஜூன் முடிவதற்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ என்றால் மார்ச், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். இன்றைக்கு வீட்டுப்பாடம் இதுதான், போய்ப் பார்த்து எழுதி வா என்றால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்கும்?

கணக்கு டீச்சருக்கு இன்னும் சுலபம். கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய் பாக்கி, மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, ஒரு பைசா கட்டவில்லை என்றால் ஒரு வருஷத்தில் எவ்வளவு? வட்டி மட்டும் சேர்ந்தாலே மொத்த பாக்கி 15,100-ஐத் தாண்டிவிடும், அபராதமும் வரியும் தனி. கூட்டுவட்டி எப்படியும் நடத்தத்தான் போகிறார்கள், அதை இந்தக் கணக்கால் நடத்தட்டுமே! அப்புறம் அந்த 12 சதவீத பிளாட் ரேட் கடன். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தும் வட்டியை முழுத் தொகைக்கே போடுவதால், ஒரு வருஷக் கடனில் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேல் போகிறது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே போட்டுப் பார்த்த பையனை எந்தக் கடன் ஏஜெண்டும் லேசில் மடக்க முடியாது.

புதிய கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் வரச் சொல்கிறது. உங்கள் பள்ளியில் அந்தப் பத்து நாளில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ வகுப்புக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வீடியோ காலில் "நீ கைதாகிவிட்டாய்" என்று மிரட்டுகிறவனுக்கு எப்படி பதில் சொல்வது, பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு எப்படிப் பேசுவது என்று பிள்ளைகளையே நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்பதை அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் போய்ச் சொல்வார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். கொஞ்சம் கோபம் வந்தாலும் பரவாயில்லை. மகளுடைய ஃபார்ம்களை இதுவரை யார் நிரப்பினார்கள்? "நீ படி, நான் பார்த்துக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டது நாம்தானே? கல்லூரியில் சேர்ந்ததும் லோக்கல் ரயில் கன்செஷன் ஃபார்ம் வரும், அதை அவளே நிரப்பட்டும், அவளே கவுண்டரில் நிற்கட்டும், தப்பாக எழுதித் திருப்பி அனுப்பினால் அவளே மறுபடி போகட்டும். 18 முடிந்துவிட்டால் அவளுடைய மைனர் கணக்கை மாற்ற பேங்கில் புதிதாகக் கையெழுத்தும் ஆவணங்களும் கேட்பார்கள், அதற்கும் நீங்கள் போகாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. பத்து வயது முடிந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த 2025-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே வழிசெய்திருக்கிறது. வரம்பு பேங்குக்கு பேங்க் மாறும், அதையும் அந்தப் பிள்ளையே கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.