ஓட்டு, ஓடாத ரயில், ஓயாத குயில்

சிங்கப்பூரில் 2025 மே 3 பொதுத்தேர்தல் முடிந்த சூட்டோடு வந்த கேள்விகள் இவை. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்? மழுப்பாமல் பதில் சொல்லவும்.
(பல வாசகர்கள்)

வீட்டுக்கு வரும் வழியிலேயே என் கணவர் கேட்டார். அவருக்கே சொல்லவில்லை. அவர் யாருக்குப் போட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் வாயில் எதுவும் தங்காது.

வாக்குச்சீட்டில் வரிசை எண் அச்சிட்டிருக்கிறார்கள். "நாம யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சிடும்" என்று என் மாமியார் ஒவ்வொரு தேர்தலிலும் பயப்படுகிறார். உண்மையா?
(உட்லண்ட்ஸ் வாசகி)

மாமியாரை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த எண் கள்ளச்சீட்டைப் பிடிப்பதற்கு. எண்ணும் இடத்தில் அதிகாரிகள் பார்ப்பது குறி எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்பதை மட்டும்தான். வேட்பாளர்களின் முகவர்கள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணி முடித்த சீட்டுகளும் அடிக்கட்டைகளும் பெட்டிகளில் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பாதுகாப்பு அறைக்குப் போகின்றன. ஆறு மாதம் அங்கே இருக்கும், அப்புறம் அழித்துவிடுவார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நடுவில் யாரும் பிரிக்க முடியாது.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவரும் கூட்டாளிகளும் கோப்பிக்கடையில் எதையும் உரக்கப் பேசுவார்கள். ஓட்டு என்று பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும், பக்கத்து மேசையை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தைத்தான் நகை நட்டு மாதிரி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் மகளுக்கு 21 வயதாகிவிட்டது. முதல் ஓட்டு என்று ஆசையாக இருந்தாள். எங்கள் மரின் பரேட் - பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் (தனி ஆளாக இல்லாமல் அணியாக நிற்கும் தொகுதி) போட்டியே இல்லாமல் முடிந்துவிட்டது. அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது?
(மரின் பரேட் வாசகர்)

நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஓட்டு இல்லாதது குறைதான். ஏப்ரல் 23, வேட்புமனுத் தாக்கல் நாளில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி உங்கள் தொகுதிக்கு மனுக் கொடுக்கவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) அணி வெயில் தாழ்வதற்குள் வெற்றி பெற்றுவிட்டது. 2011க்குப் பிறகு போட்டியின்றி முடிந்த முதல் தொகுதி உங்களுடையது. சரி, அந்த 2011 தொகுதி எது? எங்களுடையதுதான், தஞ்சோங் பகார்.

நான் 1969இல் பிறந்தவள். 21 வயதான பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் 1991. எங்கள் குழுத்தொகுதியில் போட்டி இல்லை. 1997இல் இல்லை. 2001இல் இல்லை. 2006இலும் இல்லை. 1955 முதல் கண்மூடும்வரை அங்கே உறுப்பினராக இருந்தவர் நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ. அவரை எதிர்த்து அணி சேர்க்க யாருக்கு மனம் வரும்? 2011இல் ஒரு சுயேச்சை அணி துணிந்து வந்தது. 35 விநாடி தாமதமாக மனுக் கொடுத்தார்கள் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். முப்பத்தைந்து விநாடி! எங்கள் புளோக்கில் மின்தூக்கி வருவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 1993இல் ஓங் டெங் சியோங் வென்ற அதிபர் தேர்தலில் நான் வாக்களித்திருக்கிறேன். அதிபருக்கு ஓட்டுப் போட்டவள், எம்பிக்கு ஓட்டுப் போட 2015 செப்டம்பர் 11 வரை காத்திருந்தேன். அந்த ஆண்டு மார்ச்சில்தான் லீ காலமாகியிருந்தார். எனக்கு வயது 46. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சீனப் பாட்டி அதிகாரியிடம் சீட்டை இப்படி மடிப்பதா அப்படி மடிப்பதா என்று கேட்டுவிட்டு, மறைப்புக்குள் போனவர், திரும்ப வந்து மறுபடியும் கேட்டார். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த வரிசையில் பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்களுக்கு ஓட்டில்லாத அதே 2011இல் ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயா ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நிலையம் எங்கள் ஸ்பாட்டிஸ்வுட் பார்க்குக்குப் பக்கத்திலேயே. சின்ன வயதிலிருந்து அந்த ஊதல் சத்தத்தில்தான் தூங்கி எழுந்திருக்கிறோம். ரயில் போனதும் எல்லாருடைய கவலையும் நிலத்தைப் பற்றித்தான். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டர். இந்த ஊரில் அவ்வளவு நீளத்துக்குக் காலி நிலத்தை யார் சும்மா விடுவார்கள்?

விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அதைப் பசுமைப் பாதையாக வைத்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. பலர் கடிதம் எழுதினார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். ஜூலையில் தண்டவாளத்தைக் கொஞ்ச நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது ஊரே வந்து நடந்தது. அப்பாவும் வந்தார், கைலியோடு. 2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையிலும் இதே கதைதான். கடலைத் தூர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தொண்டூழியர்கள் சேற்றில் இறங்கி அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அந்த டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. நட்சத்திர மீன் இன்னும் அங்கே இருக்கிறது.

மகளை உங்கள் எம்பியின் மக்கள் சந்திப்பு நேரத்துக்கு அழைத்துப்போங்கள். அவர்கள் ஓட்டுக் கேட்டு உங்கள் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் வரவில்லை, நீங்கள் போய்த் தட்டுங்கள். என்ன பேசுவது என்று அவள் கேட்டால், பெரிதாக எதுவும் வேண்டாம். உங்கள் தெருவில் வெட்டப்போகிற ஒரு மரத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

27 லட்சம் பேரில் என் ஒரு ஓட்டு என்ன செய்துவிடும்?
(பொங்கோல் இளைஞர்)

2011 அதிபர் தேர்தலில் நான்கு பேர் நின்றார்கள். நால்வரின் குடும்பப் பெயரும் டான்! 21 லட்சத்துக்கும் மேல் செல்லுபடியான வாக்குகள். டோனி டான் வென்றது ஏழாயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில். இந்த மே மாதம் உங்கள் பக்கத்து ஜாலான் காயுவில் வித்தியாசம் ஆயிரம்கூட இல்லை. அங்கே வீட்டில் படுத்துத் தூங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்படித் தூங்கினால் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (டாலர்) கட்டித்தான் மறுபடி சேர்க்கவேண்டும்.

என் கணவர் பொழுதுக்கும் யூடியூபில் தமிழ்நாட்டு அரசியல் பார்க்கிறார். எந்தத் தொகுதியில் எந்தச் சாதி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். எங்கள் எம்பி பெயரைக் கேட்டால் விழிக்கிறார்.
(தெம்பனிஸ் வாசகி)

முழுப் பழியையும் அவர் மேல் போடாதீர்கள். மார்ச்சில்தான் தொகுதி எல்லைகளை மாற்றி அறிக்கை வெளியிட்டார்கள். தூங்கி எழுந்தால் வேறு தொகுதியில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் கூட்டணி உடைகிறது, ஆள் கட்சி தாவுகிறார், மேடையில் வசனம் பறக்கிறது. இங்கே பிரசாரமே ஒன்பது நாள். ருசி கண்டவர் எங்கே போவார்?

ஆனால் தெம்பனிஸில் இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாது. நான்கு கட்சி மோதி, மசெக ஏறக்குறைய 52 விழுக்காட்டில் தப்பித்த தொகுதி உங்களுடையது. நாடு முழுக்க 65.57 விழுக்காடு, 97 இடத்தில் 87 என்று அள்ளிய கட்சிக்கு உங்கள் பேட்டையில் வியர்த்திருக்கிறது. இதைவிட மசாலா வேண்டுமா? தவிர, கட்சிகளின் பிரசார ஒளிபரப்பு தமிழிலும் வந்ததே. சிலர் தமிழ் பேசியதைக் கேட்டிருந்தால் உங்கள் கணவர் யூடியூபை மறந்திருப்பார்.

எங்கள் புளோக் மரத்தில் ஒரு குயில் விடியற்காலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. எம்பியிடம் புகார் செய்யலாமா?
(பீஷான் வாசகர்)

செய்யலாம். குயில் வாக்காளர் பட்டியலில் இல்லாததால் அதற்காகப் பேச யாரும் வரமாட்டார்கள். ஆனால் புகாரில் சிலவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அப்படி உயிரை வாங்குவது ஆண்குயில். பெண்குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில். காக்கைக்குச் சாப்பாடு போடுவது, கோப்பிக்கடை மேசையில் மீன்தலையை விட்டுவிட்டு எழுந்துபோகும் நாம். 2021 முதல் உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் விதிக்கிறார்களே, அதை உங்கள் தூக்கத்துக்காகவும் போட்ட சட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். நான் நாலரைக்கே எழுந்துவிடுகிறவள், ஆகவே என் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

அரசியலே பேசிப் பேசி அலுத்துவிட்டது. செலவில்லாமல் மனதுக்கு இதமாக ஏதாவது சொல்லுங்கள்.
(ஜூரோங் வெஸ்ட் வாசகி)

வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். 2011 தேர்தலிலிருந்து இருக்கிறது. கட்சிக்காரர்கள் வாய் திறக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டை வருஷம் முழுக்க வைத்தாலும் எனக்குச் சம்மதம். இந்த மே 2 வெள்ளிக்கிழமை. காலையில் ரயில் பாதைக்குத்தான் போனேன், புவன விஸ்தா பக்கம். குவீன்ஸ்டவுன் முனீஸ்வரனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான். ரயில்வேயில் உழைத்த நம்மவர்கள் தண்டவாளத்தோரம் கும்பிட்டு வளர்ந்த சாமி அவர்.

பாதையோரம் முகத்துக்கு நேராக ஒரு முசுறுக் கூடு. பாதி கட்டியிருந்தது. இரண்டு இலைக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒரு வரிசை எறும்பு இந்த இலையின் விளிம்பைப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு அந்த இலையைத் தாடையால் கவ்வி இழுக்கிறது. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்குகிறது. இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் வாயில் வெள்ளைப் புழுக்களைத் தூக்கிவருகின்றன, தங்கள் கூட்டத்துக் குஞ்சுகளைத்தான். புழுவின் வாயை இந்த இலையில் ஒரு தொடுதல், அந்த இலையில் ஒரு தொடுதல். அதிலிருந்து வரும் பட்டுநூல் இரண்டையும் தைக்கிறது. பக்கத்தில் மிதிவண்டிக்காரர்கள் மணி அடித்துக்கொண்டே போனார்கள். நான் நகரவில்லை. இதில் அரசியல் பாடம் எதுவும் தேடவேண்டாம். கழுத்தில் ஒன்று கடித்தது, வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு தடவினேன்.

நடக்க முடியாதவர்கள் சாலையோர மரங்களைப் பாருங்கள். நாலு நாள் வறண்ட வெயில் அடித்து அப்புறம் நல்ல மழை கொட்டினால் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக எக்காளப்பூ மரங்கள் பூத்துத் தள்ளும். சக்குராப் பூ பார்க்க ஜப்பானுக்கு விமானச்சீட்டு எடுப்பவர்கள் அதைத் தாண்டித்தான் சாங்கி விமான நிலையத்துக்குப் போகிறார்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்களே தேர்தலில் நிற்கலாமே?
(ஈசூன் வாசகர்)

ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. எங்கள் தொகுதியில் ஐவர் அணி, 67,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்குக் கிடைக்காவிட்டால் அவ்வளவும் போச்சு. குழுத்தொகுதி அணியில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தாகவேண்டும் என்பதால் எனக்குக் கொஞ்சம் கிராக்கி இருக்கலாம். கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவள் நான். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் புரட்டினாலும் நட்டத்தில் முடிகிறது. அந்தப் பணம் கையில் இருந்தால் சமையலறைக் குழாயை மாற்றிவிட்டு, மிச்சத்தில் காசிக்குப் போய் வருவேன்.