கோழி எருவும் கருகிய கீரையும்

கேள்வி: கொல்லையில் ஆறு கோழிகள் வளர்க்கிறேன். கூண்டில் அள்ளிய எச்சத்தை அன்றன்றே கீரைப் பாத்தியில் இட்டதில் இலைகளின் ஓரம் கருகிவிட்டது. உரம் எப்படிப் பகையானது?

பதில்: கோழி எச்சத்தில் மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து மிகுதி, அது மட்காத நிலையில் மண்ணில் சேரும்போது வெளிப்படும் அம்மோனியாவும் உப்புகளும் இளம் வேர்களைச் சுட்டுவிடுகின்றன. எச்சத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உலர்ந்த சருகைக் கலந்து, ஈரம் காயாமல் குவித்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். குவியலின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நீடித்தால், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெரும்பாலும் அழியும்; மூக்கைத் துளைக்கும் நெடி நின்று மண்வாசனை வரும்வரை பொறுத்திருங்கள். கருகிய பாத்திக்குத் தாராளமாக நீர் பாய்ச்சினால் உப்பு கரைந்து இறங்கும். பச்சை எச்சம் பட்ட அந்தக் கீரையை மட்டும், வருத்தமாக இருந்தாலும், உண்ணாமல் பிடுங்கி எருக்குவியலில் போட்டுவிடுங்கள்.