அணுமின் நிலையச் சூட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலை: சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் பார்மசி, அக்கவுண்டிங் என்று பேசிக்கொண்டிருக்க, கிரேட் 9 படிக்கும் உங்கள் மகள் மட்டும் "அணுமின் நிலையத்துச் சூட்டை வச்சுக் கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற வேலைக்குத்தான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பிள்ளைமேல் கோபப்படாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊரின் நீர்சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, அந்தப் பக்கத்துச் சனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பக்கெட்டோடு காத்து நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கண்ணெதிரே இவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு ஏன் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் அணுமின் நிலையம் ஒன்றே ஒன்றுதான், கேப் டவுனுக்கு வடக்கே கூபெர்க். 1984இல் ஓட ஆரம்பித்தது. அதன் முதல் உலைக்கு 2044 வரை ஓட்ட 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது. அணு உலை தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம் ஆகிறது, மிச்சம் கடலுக்கே போய்விடுகிறது. கூபெர்க்கில் அதற்காக விநாடிக்குச் சுமார் 80 டன் கடல்நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. இவ்வளவு சூடு வீணாகிறதே என்றுதான் உங்கள் மகளுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அப்படி வெளியே வரும் தண்ணீர் கடலைவிடப் பத்து டிகிரி அளவுக்குத்தான் கூடுதல் சூடு, அதை வைத்து எதையும் காய்ச்ச முடியாது. காய்ச்சி வடிக்க வேண்டுமானால், டர்பைனில் ஓடிக்கொண்டிருக்கும் நீராவியில் கொஞ்சத்தை நடுவழியிலேயே உருவ வேண்டும், உருவிய அளவுக்கு மின்சாரம் குறையும். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். "எவ்வளவு குறையும், எந்த இடத்தில் உருவினால் நஷ்டம் கம்மி?" என்று அவள் திருப்பிக் கேட்டால், அக்கா, தயவுசெய்து அவள் வழியில் குறுக்கே நிற்காதீர்கள்.

இது நடக்கிற காரியம்தானா என்று கேட்டிருந்தீர்கள். நடந்திருக்கிறது. கஜகஸ்தானில் காஸ்பியன் கரையில் உள்ள அக்டாவ் ஊருக்கு 1973இலிருந்து 1999 வரை ஓர் அணு உலைதான் மின்சாரமும் கொடுத்தது, குடிநீர் தயாரிக்க வெப்பமும் கொடுத்தது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு சேர்த்து நாளைக்கு 63 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஓர் ஆலை கட்டினார்கள். அதில் 45 லட்சம் நீராவி வெப்பத்தில் காய்ச்சி வடிப்பது, 18 லட்சம் ஆர்.ஓ. முறையில், அதாவது சூடாக்காமல் அழுத்தம் கொடுத்து, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியாகப் பிழிந்து எடுப்பது. அங்கே நிலையத்து நீராவி கடல்நீரைத் தொடுவதே இல்லை, நடுவில் தனியாக ஒரு தண்ணீர்ச் சுற்று வைத்து அதன் வழியாகச் சூட்டை மட்டும் கடத்துகிறார்கள். இப்படிப்பட்ட ஆலைகளில் குழாய் ஓட்டையானாலும் கசிவு உலைப் பக்கமாகவே போகும்படி அழுத்தத்தை அமைப்பது வழக்கம்.

நம் நாட்டு நிலவரம் வேறு. மோசல் பேயில் நாளைக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் ஆலை, நமக்குப் பக்கத்தில் ரிச்சர்ட்ஸ் பேயில் ஒரு கோடி லிட்டர் ஆலை, 2018 வறட்சியில் கேப் டவுன் அவசரமாகப் போட்ட தற்காலிக ஆலைகள், எல்லாமே ஆர்.ஓ.தான். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடுகிறது என்பதால் உலகமே அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆகவே அணுவெப்பத்தில் உப்பு நீக்கும் எஞ்சினியர் என்ற பெயரில் இன்றைக்கு இங்கே ஒரு வேலைகூடக் கிடையாது. அந்த ஒரு பெயரை நம்பிப் படிக்க வைக்காதீர்கள், அந்தப் பெயருக்கு அடியில் இருக்கும் வேலையைப் படிக்க வைப்போம்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். டர்பன் நார்த் பீச்சிலிருந்து ஒரு லிட்டர் கடல்நீர் எடுத்து வந்து பழைய பாத்திரத்தில் மெதுவாகக் காய்ச்சச் சொல்லுங்கள். சூடேறச் சூடேற முதலில் ஓரத்தில் மாவு மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டும், அது பெரும்பாலும் சுண்ணாம்பு. இன்னும் வற்றினால் ஜிப்சம், கடைசியில் கறியுப்பு, எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிராம் மிஞ்சும். அந்த முதல் படலம் இருக்கிறதே, காய்ச்சி வடிக்கும் ஆலைக்காரர்களின் நிரந்தரத் தலைவலி அதுதான். குழாய்க்குள் கொஞ்சம் படிந்தாலே வெப்பம் கடக்காது. எத்தனை டிகிரிக்கு மேல் போகக்கூடாது, படலம் ஒட்டாமல் இருக்க என்ன மருந்து எவ்வளவு கலப்பது, எப்போது ஆசிட் விட்டுக் கழுவுவது என்பதில்தான் பல பேருடைய வேலைநாள் கழிகிறது. அதைச் சுரண்டிப் பார்க்க அவளுக்கு ஆசை வருகிறதா என்று கவனியுங்கள்.

வந்தால் வழி இதுதான். கெமிக்கல் எஞ்சினியரிங் அல்லது மெக்கானிக்கல். டர்பனிலேயே ஹவர்ட் காலேஜ் வளாகத்தில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் இருக்கிறது. மார்க் கொஞ்சம் குறைந்தால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ சேர்ந்து பிறகு மேலே ஏறலாம், அதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம், ஆலையை ஓட்டிக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அணுத்துறைதான் வேண்டும் என்று அப்புறமும் தோன்றினால், பட்டம் வாங்கிய பிறகு பொச்சஃப்ஸ்ட்ரூம் ஊரில் நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தில் நியூக்ளியர் எஞ்சினியரிங் மேற்படிப்பு இருக்கிறது. இந்தப் படிப்பை வைத்துச் சர்க்கரை ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு, நகராட்சி நீர்நிலையம், ஆர்.ஓ. ஆலை என்று எங்கும் போகலாம்.

அடுத்து, கதிர்வீச்சுப் பயம் பற்றி. பூமியில் பிறந்த எல்லோருக்கும் இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) படுகிறது. அணுநிலையத் தொழிலாளிக்கு அதற்குமேல் ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் உச்சவரம்பு, ஒவ்வொருவர் சட்டையிலும் அளவுமானி இருக்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்களும் அதேபோல் ஒன்றைக் குத்திக்கொண்டுதான் போகிறார்கள். மகள் ரேடியோகிராபர் ஆகிறேன் என்றிருந்தால் நீங்கள் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பீர்கள், இல்லையா?

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. கிரேட் 10க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் இந்த வருடக் கடைசிக்குள் வந்துவிடும். அதில் சுலபமாக மார்க் வரும் என்று யாராவது சொல்லி, மேத்தமேட்டிக்ஸுக்குப் பதிலாக எடுக்கும் எளிய அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசியில் டிக் போட்டுவிட்டால் எஞ்சினியரிங் கதவு அன்றோடு மூடிவிடும், நீங்கள் ஆசைப்படும் பார்மசியும் சேர்ந்தே போய்விடும். மேத்தமேட்டிக்ஸ், பிசிக்கல் சயின்ஸ் இரண்டும் கட்டாயம் இருக்கட்டும், மேட்ரிக்கில், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வில், இரண்டிலும் 70க்குக் குறையாமல் வர வேண்டும் என்று இப்போதே இலக்கு வையுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அவளுடைய இந்த வருடக் கணக்கு மார்க்கை எனக்கு அனுப்புங்கள். 60க்குக் கீழே இருந்தால் டிசம்பர் லீவிலேயே டியூஷனுக்கு ஏற்பாடு செய்துவிடலாம், முதலில் அல்ஜீப்ரா.