பொய்யை வெறுத்த பேரரசும் இன்றைய ஈரானியரும்: கேள்வி பதில்

பழைய பாரசீகப் பேரரசர் டேரியஸ் ஈரானில் ஒரு மலைப்பாறையில் வெட்டுவித்த பெஹிஸ்தூன் கல்வெட்டு பற்றி நான் எழுதியிருந்த கட்டுரைக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்.

திருச்சி வாசகர்: ஐயா, பழைய பாரசீகர்கள் பொய்யே சொல்லமாட்டார்களாம். அவர்கள் வழிவந்த ஈரானியர்களிடம் இன்று அந்த நேர்மை ஏன் இல்லை?

பதில்: பொய்யே சொல்லமாட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதவில்லை. ஐந்து வயது முதல் இருபது வயது வரை பிள்ளைகளுக்கு மூன்றே விஷயங்களைக் கற்பித்தார்கள் என்கிறார்: குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல். அவர்களுக்குப் பொய்தான் ஆகப்பெரிய இழிவு. அடுத்த இழிவு கடன்படுவது, கடன்பட்டவன் பொய் சொல்லியே தீர வேண்டியிருக்கும் என்பதால். இது மேட்டுக்குடியினர் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த இலக்கு. ஊரே அதை எட்டியது என்பதற்கு இது சான்றாகாது. பேரரசின் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் ஒரு கல்வெட்டில் மன்னர் டேரியஸ், இந்த நாட்டைப் படையெடுப்பிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் பொய்யிலிருந்தும் காக்கும்படி தன் தெய்வமான அகுரமஸ்தாவை வேண்டுகிறார். பஞ்சத்துக்கு நிகராக அஞ்சும் அளவுக்குப் பொய் அங்கே புழங்கியிருக்கிறது.

நேர்மை இரத்தத்தில் இறங்கி வருவதும் இல்லை. இன்றைய ஈரானில் பாரசீகர்களோடு அசேரிகள், குர்துகள், லூர்கள், பலூச்சிகள், அரபுகள் என்று பலரும் வாழ்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நற்சான்றிதழோ ஒரே வசையோ எழுத நான் தயாராக இல்லை.

கோவை வாசகர்: "விரும்பாத மக்களை ஆளமாட்டேன்" என்று சைரஸ் அறிவித்தாராமே? அதுதானே உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்?

பதில்: பேரரசை நிறுவிய சைரஸின் பெயரால் அறியப்படும் சைரஸ் உருளையில் அந்த வாசகம் இல்லை. 1879இல் பாபிலோனில் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் களிமண் உருளை அது. மர்டூக் தெய்வம் சைரஸைத் தேர்ந்தெடுத்தது, வழிபாட்டிடங்கள் சீரமைக்கப்பட்டது, தெய்வச் சிலைகளும் மக்களும் சொந்த ஊர்களுக்குத் திரும்பியது ஆகியவற்றை அது சொல்கிறது. வென்ற மன்னர்கள் பாபிலோனிய மரபில் வெளியிடும் அறிவிப்பு அது. 1971இல் பேரரசின் 2500ஆம் ஆண்டு விழாவை நடத்திய, அன்றைய ஈரான் மன்னர் ஷாவின் அரசுதான் மனித உரிமைச் சாசனம் என்று அதைப் பரப்பி, நகல் ஒன்றை ஐ.நா.வுக்கும் கொடுத்தது. பின்னர் போலி மொழிபெயர்ப்புகள் கிளம்பின. நீங்கள் காட்டும் கருத்து ஈரானிய வழக்கறிஞர் ஷிரின் எபாடியின் 2003 நோபல் உரையிலேயே இடம்பெற்றுவிட்டது. சைரஸ் சொன்னதாகப் படம் போட்டு வரும் எதையும் உருளையின் வாசகத்தோடு ஒப்பிடாமல் பகிராதீர்கள்.

நெல்லை வாசகர்: டெஹ்ரானில் டாக்சி ஓட்டுநர் "காசு வேண்டாம்" என்பாராம், பிறகு வாங்கிக்கொள்வாராம். இது பொய் இல்லையா?

பதில்: இல்லை. அது தாரோஃப் என்னும் உபசார முறை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முறை தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

சேலம் வாசகர்: பொய்யை அவ்வளவு கண்டித்த டேரியஸே பொய் சொல்லியிருக்கலாம் என்று கட்டுரையில் எழுதிவிட்டீர்கள். ஒரு பேரரசரை இப்படிச் சந்தேகிக்கலாமா?

பதில்: சந்தேகிக்கத்தான் வேண்டும். பெஹிஸ்தூனில் அவர் சொல்லும் கதை இது: சைரஸின் மகன் கம்பைசஸ் தன் தம்பி பர்தியாவை யாருக்கும் தெரியாமல் கொன்றார். பிறகு கௌமாதா என்ற மதகுரு, தானே பர்தியா என்று சொல்லி அரியணையைப் பிடித்தான். கி.மு. 522இல் டேரியஸ் அவனைக் கொன்று நாட்டை மீட்டார். இளவரசர் இறந்தது மக்களுக்குத் தெரியாது, உண்மையைப் பேச எவருக்கும் துணிவில்லை, தான் வந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது என்கிறார். இந்தக் கதையால் பயனடைந்தவர் அவர் ஒருவரே. அவர் மன்னரானபோது தந்தையும் பாட்டனாரும் உயிரோடு இருந்ததாக சூசா நகரில் கிடைத்த அவருடைய கல்வெட்டே சொல்கிறது. பிறப்புரிமைதான் காரணம் என்றால் அவர்கள் இருவரையும் தாண்டி இவர் எப்படி வந்தார்? சைரஸின் மகள்களையும் பர்தியாவின் மகளையும் மணந்துகொண்டது எதற்காக? கொல்லப்பட்டவர் உண்மையான பர்தியாவே என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். நானும் அந்தப் பக்கம்தான்.

மீண்டும் சேலம் வாசகர்: கிரேக்கரான ஹெரோடோட்டஸும் அதே ஆள்மாறாட்டக் கதையைத்தானே சொல்கிறார்? இரண்டு சாட்சிகள் இருக்கின்றனவே!

பதில்: இரண்டாக எண்ணாதீர்கள். கௌமாதாவைக் கொல்ல டேரியஸுக்குத் துணைநின்ற ஆறு பேரில் ஐந்து பேரின் பெயர்கள் கல்வெட்டிலும் ஹெரோடோட்டஸிலும் பொருந்துகின்றன. அரண்மனை பரப்பிய வரலாறுதான் ஹெரோடோட்டஸ் காதுக்கும் போயிருக்கிறது. மலையில் வெட்டியதோடு டேரியஸ் நிற்கவில்லை, நாடெங்கும் பிரதிகளை அனுப்பினார். எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் அரமேய மொழிப் பிரதியே கிடைத்திருக்கிறது. தனக்கு எதிராக எழுந்த ஒன்பது பேரையும் வரிசையாகப் பொய்யர்கள் என்கிறாரே, அவர்களில் ஒருவருடைய தரப்பாவது நமக்குக் கிடைத்திருக்கிறதா?

வேலூர் வாசகர்: ஈரானியர்கள் ஏன் நேர்மையற்றவர்கள் ஆனார்கள்?

பதில்: திருச்சி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

தஞ்சை வாசகர்: சைரஸின் பொன்மொழிகள் பத்து அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்துத் தர முடியுமா?

பதில்: கோவை வாசகருக்குச் சொன்னதுதான். பத்தில் ஒன்றுகூட உருளையில் இல்லை. பகிராதீர்கள்.

சென்னை வாசகர்: இன்றைய ஈரானில் பொய்யை யாராவது எதிர்க்கிறார்களா?

பதில்: 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானம் விழுந்து 176 பேர் இறந்தார்கள். ஏவுகணை தாக்கவில்லை, இயந்திரக் கோளாறு என்று அதிகாரிகள் மூன்று நாள் சாதித்தார்கள். 11ஆம் தேதி, தங்கள் படையே சுட்டதை ஒப்புக்கொண்டார்கள். அன்றே அமீர் கபீர் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் திரண்டு பொய்யர்களைப் பதவி விலகச் சொன்னார்கள். அரசுத் தொலைக்காட்சியில் பணியாற்றிய அறிவிப்பாளர் ஒருவர், 13 ஆண்டுகள் பொய் சொன்னதற்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கைதாகும் ஆபத்தை அறிந்தே தெருவுக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகும் ஈரானியர்களிடம் நேர்மை இல்லை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

மீண்டும் சேலம் வாசகர்: டேரியஸும் பொய்யர் என்றால், அந்த மரபில் பெருமைப்பட என்னதான் மிச்சம்?

பதில்: கணக்கு மிச்சம். பெர்செபோலிஸில் 1933-34இல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. டேரியஸின் காலத்து எழுத்தர்கள், ஈரானின் பழைய மொழிகளில் ஒன்றான எலாமிய மொழியில் எழுதிவைத்தவை. எந்த வேலையாளுக்கு எவ்வளவு பார்லி, பயணிக்கு வழியில் எவ்வளவு மாவு, யார் உத்தரவில் எந்தக் கிடங்கிலிருந்து போனது என்று முத்திரையோடு பதிந்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப்படி உண்டு. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குத் தருவதைப்போல் இரு மடங்கு. அந்த அநீதியையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தப் பலகைகளைப் பற்றிக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.