கெட்டிஸ்பர்க்கில் எத்தனை பேர் இறந்தார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வர்ஜீனியாவில் வசிக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டைகளை மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, ஆராய்ந்து வந்து பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஷைலோ ஒருவனுக்கு, விக்ஸ்பர்க் இன்னொருத்திக்கு, இவனுக்குக் கெட்டிஸ்பர்க். அதையே வார இறுதித் தமிழ் வகுப்பிலும் பேசப்போகிறேன் என்கிறான். எழுதியதை வாங்கிப் படித்தேன். எந்தத் தளபதி எந்தப் பக்கம் படையை நகர்த்தினார், எத்தனை பீரங்கிகள், யார் வென்றார் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல இருக்கிறது. "மூன்று நாளில் 51,000 பேர் பலி" என்று அவன் சர்வசாதாரணமாக வாசித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? நமக்கும் இந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அவனுக்கு உதவ வேண்டும். வழி சொல்லுங்கள்.

எஸ்., வர்ஜீனியா

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 51,000. அந்த வரி தவறு. உங்கள் மகனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் போரைப் பற்றித் தமிழில் எழுதும் பெரியவர்களே இங்கே தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கேஷுவல்ட்டி' என்று இருப்பதைப் பார்த்ததும் கை தானாகவே 'பலி' என்று எழுதிவிடுகிறது. ராணுவக் கணக்கில் அந்தச் சொல்லுக்குள் நான்கு வகை மனிதர்கள் இருக்கிறார்கள்: செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர். மறுநாள் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையில் நின்று குரல் கொடுக்க முடியாத எல்லோரும் அதில் அடக்கம். 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க் களத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். காயம்பட்டவர்கள் 33,000 வாக்கில். மீதி 11,000 பேர் பிடிபட்டவர்களும் காணாமல் போனவர்களும்.

எண் சிறுத்துவிட்டதே, கனம் குறைந்துவிடுமோ என்று அவன் கவலைப்படலாம். கெட்டிஸ்பர்க் அப்போது 2,400 பேர் வாழ்ந்த ஊர். இரண்டு படைகளும் கிளம்பிப் போன பிறகு, 20,000க்கும் மேற்பட்ட காயக்காரர்கள் அங்கேயே கிடந்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், தானியக் கொட்டில், வீட்டுக் கூடம் எல்லாம் ஆஸ்பத்திரி ஆயின. ஊர்க்காரர் ஒருவருக்கு எத்தனை காயக்காரர்கள் என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையை விட அந்த வகுத்தல் கணக்கு அவன் வகுப்பை உட்காரவைக்கும்.

பத்து நிமிடத்தில் மூன்று நாள் சண்டையைச் சொல்ல முடியாது. தளபதிகளின் பெயர்களை ஒப்பிப்பதிலேயே நேரம் ஓடிவிடும். ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் தேர்ந்தெடுப்பதானால் ஏப்ரஹாம் பிரையனின் வீட்டைத் தேர்ந்தெடுப்பேன். செமெட்ரி ரிட்ஜ் என்ற மேட்டில் அந்தச் சிறிய மரவீடு இன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் வாசலில் ஒரு மாலைப்பொழுது முழுக்க நின்றிருக்கிறேன்.

பிரையன் சுதந்திரமான கறுப்பின விவசாயி. பன்னிரண்டு ஏக்கர் நிலம் வைத்திருந்தார். பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதி லீயின் படை, கெட்டிஸ்பர்க் இருக்கும் வட மாநிலமான பென்சில்வேனியாவுக்குள் வருகிறது என்றதும் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். குண்டுக்குப் பயந்து மட்டும் அல்ல. அந்தப் படை வந்த வழியில் கண்ணில்பட்ட கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஜூலை 3 அன்று பிக்கெட்டின் தாக்குதல் என்று புத்தகங்கள் சொல்லும் அந்தப் பெரும் தாக்குதலில் சுமார் 12,500 பேர் திறந்த வெளியைக் கடந்து வந்தார்களே, அதன் ஒரு பகுதி நேராக இந்த வீட்டை நோக்கித்தான் வந்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் இழப்புக் கணக்கில் சேர்ந்தார்கள். பிரையன் திரும்பி வந்தபோது வேலி இல்லை, பயிர் இல்லை, வீட்டுச் சுவரெல்லாம் குண்டுத் துளை. அரசிடம் 1,000 டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர்.

இந்த ஒரு வீட்டுக்குள் போர் எதற்காக நடந்தது என்பதும் இருக்கிறது, யார் விலை கொடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. மாநில உரிமைக்காக நடந்த போர் என்று அவன் எங்காவது படித்திருப்பான். மிசிசிப்பி மாநிலம் 1861இல் பிரிந்து போகும்போது வெளியிட்ட அறிவிப்பைப் படிக்கக் கொடுங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று அவர்களே தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அடிமை முறையைச் சொல்லாமல் இந்தப் போரின் எந்தச் சண்டையைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பேச்சு அரைகுறைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

அடுத்தது படங்கள். டெவில்ஸ் டென் என்ற பாறைக் கூட்டத்தில், கற்களை அடுக்கிய மறைப்புக்குள் ஓர் இளைஞன் செத்துக் கிடக்கும் புகைப்படத்தை அவன் கட்டாயம் பார்த்திருப்பான். பக்கத்தில் துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் அதைத் தெற்கின் குறிபார்த்துச் சுடும் வீரன் ஒருவனின் கடைசி இடம் என்று சொல்லி வெளியிட்டார். நவம்பரில் திரும்பப் போனபோது எலும்புக்கூடும் துருப்பிடித்த துப்பாக்கியும் அப்படியே கிடந்தன என்றும் எழுதினார். 1970களில் வில்லியம் ஃப்ரசானிட்டோ என்ற ஆய்வாளர் அந்தக் களத்தின் படங்களைப் பாறை பாறையாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதே உடல் சற்றுத் தள்ளிச் சரிவில் கிடக்கும் வேறு படங்களும் இருந்தன. புகைப்படக்காரர்கள் உடலை அங்கிருந்து தூக்கி வந்து பாறை இடுக்கில் கிடத்தியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுபவர்கள் வைத்திருக்கும் வகை அல்ல. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து வகுப்புக்குக் காட்டச் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது.

எழுத்துச் சான்றிலும் இதே கண் வேண்டும். யார் எழுதியது, எப்போது எழுதியது? கெட்டிஸ்பர்க்கில் தெற்கு தோற்றது லீயின் கீழ் இருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட்டால்தான் என்று பல இடங்களில் இருக்கும். அந்தக் குற்றச்சாட்டு உரத்து எழுந்தது லீ 1870இல் இறந்த பிறகு. அதற்குள் லாங்ஸ்ட்ரீட் லிங்கனின் கட்சியில் சேர்ந்திருந்தார்; பழைய தோழர்களுக்கு அவர்மேல் தீராத கோபம். அன்று களத்தில் தப்பித் திரும்பியவர்களிடம், தவறு என்னுடையது என்று சொன்னவர் லீ. இரு தரப்பு அதிகாரிகளின் அறிக்கைகளையும் அமெரிக்க அரசு 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்களாக அச்சிட்டது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வரிசையின் 27ஆவது தொகுதியில்தான் கெட்டிஸ்பர்க் வருகிறது. அதில் ஒரே ஒரு படைப்பிரிவின் அறிக்கை போதும். அதிகாரிகளும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார்கள் என்பதையும் அவனே கண்டுபிடிப்பான்.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகள் பஞ்சுக்குத் தவித்தன; இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன திருநெல்வேலிப் பஞ்சும் அதில் உண்டு. போர் முடிந்ததும் விலை சரிந்தது. மிசிசிப்பியின் அடிமையும் நம் கரிசல்காட்டு விவசாயியும் ஒரே சந்தையின் கயிற்றில் கட்டப்பட்டிருந்தார்கள்.

பதின்மூன்று வயது இதற்குச் சின்ன வயது அல்ல. சில படைகளில் முரசு அடித்த பையன்கள் அதைவிடச் சிறியவர்கள்.

வர்ஜீனியாவில் இருக்கிறீர்கள், ஒரு சனிக்கிழமை காரில் கூட்டிப் போய்விடுங்கள். தெற்கின் படை தாக்குதலுக்குக் கிளம்பிய செமினரி ரிட்ஜ் மேட்டில் வர்ஜீனியா நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்திலிருந்து எதிர்மேட்டின் கற்சுவர் வரை அவனை நடக்கவிடுங்கள். ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. நடுவே எம்மிட்ஸ்பர்க் சாலையின் வேலி வரும். அதை ஏறித் தாண்டும் நேரத்தில்தான் பலர் சுடப்பட்டார்கள். அங்கிருந்து பிரையன் வீட்டுக்குப் போங்கள்.

தமிழ்க் கட்டுரை முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். 'பலி' இருந்த இடத்தில் என்ன சொல் போட்டான் என்று பார்க்க ஆசைப்படுகிறேன். நான் இதுவரை 'இழப்பு' என்றுதான் எழுதிவருகிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

அன்புடன்