எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கை மட்டும் எழவில்லை

குடியாத்தத்தில் பீடி சுற்றும் உங்கள் அம்மாவால் கொண்டை போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் கோளாறில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. தொட்டு, அசைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்மா தானாகத் தூக்க முடியாமல், மருத்துவர் தூக்கினால் எழுகிறதா? தசைநார் கிழிந்திருக்கலாம். இரண்டு விதத்திலும் எழாமல், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும்போதும் பாதியிலேயே முட்டி நிற்கிறதா? அது பெரும்பாலும் உறைந்த தோள், அதாவது தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது; ரத்தச் சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். கழுத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், அங்கே நரம்பு அழுந்தினாலும் தோள் வலிக்கும்.

வேலூருக்கு அழைத்துப்போகும்போது தளர்ந்த ரவிக்கை போடச் சொல்லுங்கள். இரு தோள்களையும் ஒப்பிட வேண்டும். தயவுசெய்து வீட்டில் யாரும் கையை இழுத்துவிட வேண்டாம்.