பி.காம். சேரும் மகளுக்கு 82,000 ரூபாய் லேப்டாப் தேவையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைக்காரர் எழுதிக் கொடுத்த 82,000 ரூபாய் கொட்டேஷனை முதலில் ஓரமாக வையுங்கள். பி.காம். (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) படிக்கப்போகும் பெண்ணுக்கு கேமிங் லேப்டாப் வேண்டியதில்லை. அதில் கேம், வீடியோ போன்ற கனமான வேலைகளுக்கான கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வருடப் படிப்பில் அந்தக் கார்டுக்கு வேலை வைக்கிற பாடம் ஒன்றுகூட வராது. வேர்டு, எக்செல், கணக்கு எழுதும் மென்பொருளான டேலி, கொஞ்சம் சி அல்லது பைத்தான் நிரல்மொழி, கொஞ்சம் இணையப் பக்கம் எழுதுவது, அவ்வளவுதான். போதாததற்கு அந்த மாதிரி லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சார்ஜரே செங்கல் மாதிரி இருக்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும்.

உங்கள் மைத்துனர் மகனுக்கு அதே போன்ற லேப்டாப் வாங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர் படிப்பது மெக்கானிக்கல். சாலிட்வொர்க்ஸ் போன்ற, இயந்திர பாகங்களை வரையும் மென்பொருள்கள் அங்கே வரும், அவற்றுக்கு வலுவான மெஷின் வேண்டும். பி.ஆர்க்., அனிமேஷன் படிப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் தேவை வேறு, உங்கள் வீட்டுத் தேவை வேறு.

அப்படியானால் கல்லூரி லேபே போதுமே, வீட்டில் எதற்கு என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். ஆனாலும் வாங்குங்கள் என்றே சொல்வேன். என்னிடம் வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் பலர் கைபேசியிலேயே வளர்ந்தவர்கள். ரீல்ஸ் எடிட் செய்வார்கள், யுபிஐ-யில் பணம் அனுப்புவார்கள். ஆனால் ஒரு ஃபைலை டவுன்லோடு செய்துவிட்டு அது எந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். எக்செல்லை போனில் திறக்கலாம், கற்றுக்கொள்ள முடியாது. லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும், அதிலும் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்றால் கீபோர்டு எப்போதும் துணிச்சலான பிள்ளையின் கையில்தான் இருக்கும். வேலைக்கான நேர்காணலில் ‘ஒரு பிவட் டேபிள் (எக்செல்லில் தகவலைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டுக் காட்டுங்க’ என்று உட்காரவைக்கும்போது யார் கை ஓடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

இனி லேப்டாப்பா டெஸ்க்டாப்பா. மகள் ஹாஸ்டலில் தங்குவதாக இருந்தால் யோசிக்காமல் லேப்டாப் என்பேன். அவள் தினமும் பஸ்ஸில் போய் வரப்போகிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தம்பியும் இருக்கிறான். அந்த வீட்டுக்கு டெஸ்க்டாப்தான் சரி என்பது என் அபிப்பிராயம். பெரிய திரை, கழுத்தைக் குனிய வேண்டாம். நம்பர் விசைகள் தனியாக உள்ள முழு கீபோர்டு கிடைக்கும், கணக்குப் படிக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. எது கெட்டாலும் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் தண்ணீர் கொட்டினால் மொத்தமும் போச்சு, டெஸ்க்டாப்பில் ஒரு கீபோர்டோடு முடிந்துவிடும். ஹாலில் ஒரே இடத்தில் இருப்பதால் தம்பி என்ன பார்க்கிறான் என்பதும் உங்கள் கண்ணில் படும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அரசுக் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மகள் சேரும் கல்லூரிக்கு அது பொருந்துமா, எந்த ஆண்டில் வரும் என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம், கணக்கில் எடுக்காமல் விடவும் வேண்டாம். வந்தால் வீட்டில் டெஸ்க்டாப், பையில் லேப்டாப் என்று இரண்டும் ஆகிவிடும்.

கடைக்குப் போகும்போது இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: புராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) இன்டெல் ஐ3, 12-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 8 ஜிபி, ஒரே குச்சியாக. 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்). 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர். கூடவே 600 விஏ யுபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி).

ராம் ஏன் ஒரே குச்சி என்றால், போர்டில் இருக்கும் இன்னொரு இடம் காலியாக இருக்கட்டும். தேவைப்பட்டால் பிறகு இன்னொரு 8 ஜிபி செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘அதே விலைக்கு ஒரு டிபி ஹார்டு டிஸ்க் தருகிறேன்’ என்பார்கள். விண்டோஸை ஹார்டு டிஸ்க்கில் போட்டால் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம். யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப் வாங்கவே கூடாது. உங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். 12-ஆம் தலைமுறை ஐ3 புராசஸரின் பெயர் ஐ3-12100 என்று இருக்கும். அதே பெயரின் கடைசியில் எஃப் என்ற ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு சரக்கு. அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் உள்ளே கிடையாது, தனி கார்டு வாங்கினால்தான் மானிட்டரில் ஏதாவது தெரியும். விலை கொஞ்சம் குறைவு என்பதால் கொட்டேஷனில் நைசாக அதைப் போட்டுவிட்டு, பிறகு ‘கார்டு தனி’ என்பார்கள். பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும், பில் போடும் முன் நீங்களே படித்துப் பாருங்கள்.

ராம், எஸ்எஸ்டி விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிறது. அதனால் மொத்தத் தொகை இவ்வளவு என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று கடையில் இதே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். எங்கே கேட்டாலும் 82,000 பக்கம் போகாது. வட்டியில்லா இஎம்ஐ என்று சொன்னால், ‘ரொக்கம் கொடுத்தால் என்ன விலை’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

20,000 ரூபாய்க்குப் புத்தம் புது லேப்டாப் என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் செலரான் என்ற வலுக்குறைந்த புராசஸர், 4 ஜிபி ராம், இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு 64 ஜிபி என்று இருக்கும். ராமைக் கூட்டவும் முடியாது, விண்டோஸ் அப்டேட் வந்தாலே இடம் நிரம்பிவிடும். அந்தப் பணத்துக்கு கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய பழைய டெஸ்க்டாப் எவ்வளவோ மேல். சென்னை ரிச்சி தெருவில் அது குவிந்து கிடக்கும், உங்கள் பக்கம் மதுரையிலும் கிடைக்கும்.

பழையது வாங்கினால் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-7500 என்றால் ஏழாவது தலைமுறை, வேண்டாம். ஐ5-8500 என்றால் எட்டாவது, சரி. டெல் கம்பெனியின் டெஸ்க்டாப்களான ஆப்டிபிளெக்ஸ் 7050, 7060 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான், ஆனால் 7060-இல்தான் எட்டாவது தலைமுறை. ‘விண்டோஸ் 11 ஓடுகிறதே’ என்று திரையைக் காட்டினால் மயங்க வேண்டாம். பழைய மெஷினிலும் குறுக்கு வழியில் அதை ஏற்றிவிட முடியும். அமைப்புகளுக்குள் போய் புராசஸர் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

‘விண்டோஸ், ஆபீஸ், டேலி எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரேன்’ என்று கடையில் சொல்வதைத் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அது திருட்டுப் பிரதி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அதே மெஷினில்தான் நாளை நீங்கள் பேங்க் கணக்கைத் திறப்பீர்கள். விண்டோஸுக்கு மட்டும் காசு கொடுங்கள். கல்லூரி பதிவு செய்திருந்தால் மாணவர் மெயில் ஐடியில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கும், இல்லாவிட்டால் அதே வேலைக்கான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. டேலியிலும் படிப்பவர்களுக்கென எஜுகேஷனல் மோடு உண்டு. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட முடியும். பழகுவதற்கு அது தாராளம்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எனவே சீரியல் நம்பர்கள் பில்லில் ஏற வேண்டும், அட்டைப் பெட்டிகளும் பரணில் கிடக்கட்டும். கல்லூரி திறந்து முதல் இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் வாங்கலாம். என்ன மென்பொருள் தேவை என்று துறை ஆசிரியரே சொல்லிவிடுவார்.

கம்ப்யூட்டர் வந்த முதல் மாதம் மகளுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான். தினமும் அரை மணி நேரம் பத்து விரலால் டைப்பிங், கீபோர்டைப் பார்க்காமல். தமிழுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, அதையும் பழகட்டும். அரசு வேலையில் தட்டச்சர் பணி மீது கண் இருந்தால் டைப்ரைட்டிங் நிலையத்தில் தனியாகச் சேர வேண்டியிருக்கும், அதை விடுமுறையில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் எக்செல்லில் அவளே எழுதட்டும். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்கள் சரி பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் தப்பு எந்த வரியில் என்று அவள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பி கட்டாயம் கிராபிக்ஸ் கார்டு கேட்பான். டெஸ்க்டாப்பில் அதற்கு இடம் இருக்கிறது, பவர் சப்ளையை மட்டும் அப்போது பார்க்க வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள்.